சர்வே அக்கா

அவரிடம் பொய் சொல்வது ரொம்பச் சுலபம். சொன்ன பிறகுதான் கஷ்டம் ஆரம்பிக்கும்.

நான் புதுச்சேரிக்குப் படிக்க வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொடி போயிருந்ததே தவிர வார்த்தைகள் போகவில்லை. பண்ருட்டியிலிருந்து அப்பா என்னை ஒரு டிரங்குப் பெட்டியோடு அழைத்துவந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதியின் வாசலில் நின்று, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். உள்ளேயிருந்து வந்த பெண், “மாமேர் பூசையில இருக்காங்க. சுர்வேயாந்த் இருக்காங்க, கூப்புடவா?” என்று கேட்டாள்.

அப்பா தாலுகா ஆபீசில் சர்வே பிரிவு குமாஸ்தா. அவர் முகம் மலர்ந்துவிட்டது. “சர்வேயில இருக்காங்களா? நம்ம டிப்பார்ட்மெண்டு” என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மாமேர் என்றால் தலைமைக் கன்னியாஸ்திரீ என்பதும், சுர்வேயாந்த் என்றால் மேற்பார்வை பார்க்கிறவள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. மேற்பார்வை என்றால் பெரிய உத்தியோகம் இல்லை. அவரும் எங்களைப் போல ஒரு மாணவிதான், டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். விடுதியிலேயே தங்கி, விடியற்காலையில் மணி அடித்து எங்களை எழுப்புவது, சாயங்காலம் படிப்பு நேரத்தில் யாரும் தூங்காமல் பார்ப்பது, உடம்பு சரியில்லாதவர்களைக் கவனிப்பது, வருகிறவர் போகிறவரை விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பதிலுக்கு மாடிப்படி முடிகிற இடத்தில் ஓர் அறையும் சாப்பாடும் இலவசம். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவரே அவர்தான் என்பார்கள்.

அப்பா அவரிடம், “எந்த ஆபீஸ்ல வேலைம்மா?” என்று கேட்டார். அவர் விளக்கிச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டு, போகும்போது, “சர்வே அம்மா, பொண்ணைப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சர்வே அக்கா.

உயரமாக இருப்பார். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. யாராவது பேசினால் வாயை லேசாகத் திறந்துகொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, சொல்கிறவர் உதட்டையே பார்ப்பார். பேசி முடித்ததும், “அப்படியா” என்பார். அந்த அப்படியாவில் கேள்வியும் இருக்காது, கிண்டலும் இருக்காது. ரசீது கொடுப்பது போல இருக்கும். அடுத்து, “வா, போயிடலாம்” என்று எழுந்து நிற்பார். எங்கள் விடுதியில் எல்லோரும் மிகவும் பயந்த வாக்கியம் அது.

எனக்கு அது தெரியாத முதல் வாரத்தில், படிப்பு நேரத்துக்கு டிமிக்கி கொடுக்க, வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். சர்வே அக்கா வந்தார். எந்த இடத்தில், குத்துகிற மாதிரியா இழுக்கிற மாதிரியா, முதுகுக்குப் பரவுகிறதா என்று கேட்டார். கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றேன். அவருடைய கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. அவருடைய புத்தகத்தில் இருந்த ஏதோ பயங்கரமான வியாதிக்கு என் பதில்கள் அத்தனையும் பொருந்திவிட்டன போலிருக்கிறது. விளக்கெண்ணெய் வந்தது. கஞ்சித் தண்ணீர் வந்தது. விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு. அதன் வாசனை மாடிக்கு ஏறி வந்தபோது, “அக்கா, எனக்குச் சரியாயிடுச்சு” என்றேன்.

“அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் வுட்டுட்டுத் திரும்பி வரும்” என்று சொல்லி இன்னொரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றினார்.

சாயங்காலம் எனக்கு உண்மையிலேயே வயிறு வலித்தது. அவர் பெருமூச்சு விட்டு, “சொன்னேனில்ல, திரும்பி வரும்னு” என்றார்.

பின்கட்டில் தங்கியிருந்த பெண்களுக்குக் காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கப் பிடிக்காது. குளியலறைக்குப் பின்னால் இருந்த நாவல் மரத்தில் பேய் இருக்கிறது, வெளிச்சம் வந்த பிறகுதான் போவோம் என்று ஒரு கதையைக் கட்டினார்கள். சர்வே அக்கா அப்படியா என்றார். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஒரு மனைப்பலகையை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெளுத்த பிறகு திரும்பி வந்து, “யாரு, என்ன வேணும்னு பொறுமையாக் கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் வாயத் தொறக்கல. கூச்சப்படுது போல. நீங்க குளிக்கறப்ப நான் அங்கியே இருக்கேன், போங்க” என்றார். அந்த வருஷம் முழுக்க நாங்கள் இருட்டிலேயே குளித்தோம்.

இப்படிச் சொன்னால் அவரை அசடு என்று நினைத்துவிடுவீர்கள். பரீட்சையில் அவர் வகுப்பின் ஆண்பிள்ளைகள் எல்லோரையும் தாண்டிப் போனவர். விடுதிக்குக் காய்கறி கொண்டுவருகிறவன் அவர் நின்றால் மட்டும் தராசை ஒழுங்காகப் பிடிப்பான். முள் கொஞ்சம் சாய்ந்தாலும், “எறக்கி வச்சிட்டுத் திரும்பத் தூக்கு” என்பார். தராசை நம்ப மாட்டார். மனிதர்கள் வாயைத் திறந்து ஒன்று சொல்லிவிட்டால் மட்டும் அவருக்கு அது முடிந்த விஷயம்.

இதற்கு என்ன காரணம் என்று நாங்கள் நிறைய யோசித்தோம். சின்ன வயதில் யாரோ சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. கிணற்றில் விழுந்து தலையில் அடிபட்டிருக்கும் என்றாள் இன்னொருத்தி. அதை அவரிடமே கேட்டும் விட்டாள். சர்வே அக்கா, “யாரு சொன்னாங்க?” என்றார். “ஊர்ல பேசிக்கறாங்க.” “அப்படியா” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நாளைக்குத் தன் பின்மண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலா என்று திண்டிவனத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முத்தியால்பேட்டைப் பையன் ஒருவன் அவளைப் பார்க்க வருவான். விருந்தாளிகள் அறைக்குப் பார்லுவார் என்று பெயர். சொந்தக்காரர்கள் மட்டும்தான் அங்கே உட்காரலாம். கமலா துணிந்து, “எங்க அத்தை மகன் அக்கா. திண்டிவனம்” என்றாள். சர்வே அக்காவுக்கு ஒரே சந்தோஷம். காபி கொடுத்தார். அத்தைக்கு உடம்பு எப்படி, மாமாவுக்கு எங்கே வேலை என்று விசாரித்தார். பையன் பாவம், வேர்த்து வழிந்துகொண்டு பதில் சொன்னான்.

“இன்னிக்கே ஊருக்குப் போறீங்களா தம்பி?”

“ஆமாங்க” என்றான் அவன், இந்த அறையை விட்டுப் போனால் போதும் என்று.

“வா, போயிடலாம்” என்று கமலாவை எழுப்பினார் சர்வே அக்கா. வெறுங்கையோடு அத்தை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று, அந்த வாரம் என் அப்பா கொடுத்தனுப்பியிருந்த பலாப்பழத்தை அவன் தோளில் ஏற்றினார். கமலாவின் பழைய போர்வைகளையும் ஒரு மூட்டையாகக் கட்டி, துவைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து போய், ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும் வரை நின்று கையாட்டினார். பையன் திண்டிவனத்தில் இறங்கித் தேடிக் கண்டுபிடித்து அந்த அத்தை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். வேறு என்ன செய்வான், கையில் பலாப்பழம் இருக்கிறதே. அத்தைக்கு அவனைப் பிடித்துப்போய், அது வளர்ந்து பிற்பாடு கல்யாணத்தில் முடிந்தது தனிக் கதை. இப்போது அந்த வீட்டில் அவனை அத்தை மகன் என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

என் பெரியம்மா மகள் பல வருஷம் கழித்து அவரிடம் வைத்தியத்துக்குப் போயிருந்தாள். அவளுக்கு உடம்பில் இடம் மாறி இடம் மாறி ஒரு வலி. போன டாக்டர்களெல்லாம் மனப்பிரமை என்று அனுப்பிவிட்டார்கள். “இவங்க என்னடின்னா, வலிக்குதுன்னு சொன்னதும் அப்படியான்னு சொல்லிட்டு, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் வாயையே பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கு அங்கியே பாதி வலி போயிட்டுது” என்றாள். மீதிப் பாதிக்கு என்ன கொடுத்தார் என்று கேட்டேன். விளக்கெண்ணெயாம்.

ரோசாலி விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

ரோசாலி என் அறையில் இருந்தவள். பொய் சொல்வதில் எங்களுக்கெல்லாம் மேலே. நாங்கள் காரியத்துக்காகச் சொல்வோம். அவள் மூச்சு விடுவது போலச் சொல்வாள். அவளுடைய அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜண்ட். அம்மா அவரோடு அங்கே ஜன்னல் ஜன்னலாக வைத்த ஒரு பெரிய வீட்டில் இருக்கிறாள். பியானோ இருக்கிறது. அந்த ஊரில் பட்டாளம் எல்லாம் கலைந்து எல்லோரும் கப்பலேறியாயிற்று என்று பேப்பரில் படித்த ஒருத்தி கேட்டதற்கு, “எங்கப்பாவ மட்டும் இருக்கச் சொல்லிட்டாங்க” என்றாள். நாங்கள் திரும்பிப் படுத்துக்கொண்டு சிரிப்போம். சர்வே அக்கா மட்டும், “பியானோ மழைக் காலத்துல நமுத்துப் போயிடுமாமே, அம்மாவை மூடி வைக்கச் சொல்லு” என்பார்.

விடுதியின் கேட்டை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் சாத்துவார்கள். ரோசாலி அந்த மாதம் இரண்டு தடவை தாமதமாக வந்து எச்சரிக்கை வாங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை மூன்றாம் தடவை. தெருவிளக்கு எரிந்த பிறகு வந்தாள். கவுனின் கீழ்ப்பகுதி முழுக்க நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டில் மாமேரே நின்றிருந்தார்.

மாமேர் பிரெஞ்சுக்காரர். தமிழை ஜெபப் புத்தகத்தில் கற்றவர். கோபம் வந்தால் அவருடைய தமிழ் இன்னும் சுத்தமாகிவிடும்.

“மகளே, எங்கே சென்றிருந்தாய்?”

ரோசாலி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “பெரிய வாய்க்கால்ல ஒரு கன்னுக்குட்டி வுழுந்துடுச்சு மாமேர். யாரும் கிட்டப் போவல. நான் எறங்கி இழுத்துக் கரையேத்திட்டு வந்தேன்.”

“நீ பொய்யுரைக்கின்றாய்.”

“இல்ல மாமேர்.”

“நாளை உன் பெட்டியைக் கட்டிக்கொள். இந்த இல்லத்தில் உனக்கு இடமில்லை.”

மாடி வராந்தாவில் நின்ற எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரோசாலி கன்னியாஸ்திரீகளின் தயவில் படித்தவள். விடுதி போனால் படிப்பும் போகும்.

அப்போது மாமேரின் பின்னால் சாவிக்கொத்தோடு நின்ற சர்வே அக்கா கேட்டார்: “கன்னுக்குட்டிக்கு அடிகிடி பட்டுதா?”

ரோசாலி திகைத்துப் போனாள். “தெரியலக்கா. ஓடிடுச்சு.”

“அப்படியா” என்றார் சர்வே அக்கா. பிறகு மாமேரிடம் திரும்பி, “நாளைக்குப் போய் அதைப் பாத்துட்டு வந்துடறேன் மாமேர்” என்றார்.

“எதை?”

“அந்தக் கன்னுக்குட்டிய. நீங்களும் பாத்துட்டா உங்களுக்கும் மனசு ஆறிடும்.”

மாமேர் ரோசாலியை உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்தினார். “நல்லது. நாளை மாலை ஜெபத்துக்கு முன் கன்றை என்னிடம் கொண்டு வா. இல்லையேல் இவள் போகட்டும்” என்று சொல்லி உள்ளே போனார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் துணைக்கு என்னை வரச் சொன்னார் சர்வே அக்கா. செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ரோசாலி என்னைப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்தாள். உதடு வெளுத்திருந்தது.

“கன்னுக்குட்டியும் இல்ல, ஒண்ணும் இல்லடி. அவங்கள வெயில்ல அலைய வேணாம்னு சொல்லு. நான் பெட்டியக் கட்டிடறேன்.”

“நீயே சொல்லேன்.”

“அவங்க மூஞ்சியப் பாத்துக்கினு என்னால சொல்ல முடியாது.”

வெளியே வந்து, வாய்க்காலை நோக்கி நடக்கும்போது, என்னால் முடிந்த அளவுக்கு ஆரம்பித்தேன். “அக்கா, ஒருவேளை அந்தக் கன்னுக்குட்டி இல்லவே இல்லன்னா?”

சர்வே அக்கா நடையை நிறுத்தினார். முகம் வாடிப்போயிற்று. “எனக்கும் ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான். ஈரத்தோட ஓடுச்சே, ஜன்னி கண்டு செத்திருக்குமோன்னு. வேகமா நட” என்றார். நானும் வேகமாக நடந்தேன்.

பெரிய வாய்க்கால் வெள்ளைக்காரர் வீதிகளையும் நம்மவர் வீதிகளையும் பிரித்துக்கொண்டு ஊர் நடுவே போகிறது. தண்ணீர் குறைவு, சேறு அதிகம். தெற்கே ஆரம்பித்து வடக்கு நோக்கிப் போனோம். எதிரில் வந்தவர், கரையில் உட்கார்ந்தவர் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரிடமும் கேட்டார்: “நேத்து சாயங்காலம் இதுல கன்னுக்குட்டி வுழுந்துதில்ல, அது யாருதுங்க?”

விழுந்ததா என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் கேட்டவர்கள் தெரியாது என்றார்கள். ஆனால் அவர் நகராமல் நின்று, அது எப்படி விழுந்தது, ஒரு படிக்கிற பெண் எப்படித் தனியாக இறங்கி இழுத்தாள், அது எப்படி ஈரத்தோடு ஓடிற்று என்று கவலையோடு சொல்லும்போது அவர்கள் முகம் மாறியது. சோடாக்கடைக்காரர், “அதான் நேத்து ஏதோ தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுது” என்றார். கடையை மூடிக்கொண்டு கூடவே வந்தார். பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “யார் வூட்டுக் கன்னோ, பாவம்” என்று சேர்ந்துகொண்டாள். அடுத்த வீதிக்குப் போவதற்குள் அவள், “நான் இந்தாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்” என்று புதிதாக வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

முத்தியால்பேட்டை எல்லையை நாங்கள் தொடும்போது கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பால்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார்.

“கன்னுக்குட்டியத் தேடறது நீங்களா? எங்குளுது நேத்து அறுத்துக்கினு ஓடி, வெளக்கு வச்ச பொறவுதான் ஊடு வந்துது. ஒடம்பெல்லாம் சேறு. ஒரு காலத் தாங்கித் தாங்கி நடக்குது. எங்க போயி வுழுந்துதோன்னு இருந்தேன்.”

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. சர்வே அக்காவுக்கு அதில் ஆச்சரியப்பட எதுவும் இருக்கவில்லை. “அப்பாடா, உயிரோட இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

கொட்டகையில் செவலைக் கன்று ஒன்று நின்றிருந்தது. அவர் மண்டிபோட்டு அதன் முன்னங்காலை மெதுவாகப் பிடித்து, “இங்கியா வலிக்குது?” என்று கேட்டார். கன்று தலையை ஆட்டியது. “எலும்பு ஒண்ணும் ஆவல, வீக்கம்தான்” என்று சொல்லி, மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட வைத்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். உங்கள் கன்றைக் காப்பாற்றினதற்காக அந்தப் பெண்ணை விடுதியை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்றார்.

பால்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “என்னா அநியாயம்மா இது. நான் வரேன். கன்னையும் ஓட்டிக்கினே வரேன்.”

வெயில் தாழ்கிற நேரத்துக்கு விடுதி கேட்டின் முன்னால் பெரிய கூட்டமே நின்றது. பூக்கார அம்மாள் கன்றின் கழுத்தில் ஒரு முழம் கதம்பம் வேறு கட்டியிருந்தாள். முகப்பில், கட்டி வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ரோசாலி, கன்றைப் பார்த்ததும் எழுந்து பெட்டிக்குப் பின்னால் போனாள். அவள் முகத்தைப் போல ஒரு முகத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை.

மாமேர் வந்தார்.

“இதுதான் அந்தக் கன்றோ?”

“இதேதான் தாயே” என்றார் பால்காரர்.

“இந்தப் பெண்ணை நீர் கண்டீரோ?”

பால்காரர் விழித்தார். பூக்கார அம்மாள் முன்னால் வந்தாள். “நான் கண்ணால பாத்தேன்மா. இதே பொண்ணுதான். பாவாடைய வாரிச் சொருவிக்கினு குதிச்சுது பாரு.”

“பாவாடையில்ல, பொடவை” என்றார் சோடாக்கடைக்காரர். “அந்தாண்டக் கரையிலேருந்துதான் எறங்குச்சு.”

“உனுக்கென்னாத் தெரியும், நீ கடையில இருந்த. இந்தாண்டக் கரைதான்.”

மாமேர் ரோசாலியின் கவுனைப் பார்த்தார். அந்த இரண்டு சாட்சிகளையும் பார்த்தார். கடைசியாக, சேலையெல்லாம் சாணியும் மஞ்சளுமாக, வெயிலில் முகம் கறுத்து, ஆனால் திருப்தியாக நின்ற சர்வே அக்காவை ரொம்ப நேரம் பார்த்தார். பால்காரர் கன்றை முன்னால் தள்ளி, “நன்றி சொல்லுது, பயப்படாதம்மா, தொடு” என்றார். ரோசாலி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“மகளே, பெட்டியை உள்ளே எடுத்துச் செல்” என்றார் மாமேர். திரும்பிப் போனவர் நின்று, “இனிமேல் விழுகின்ற கன்றுகள் ஆறு மணிக்கு முன்பாக விழுவனவாக” என்றார். அது கட்டளையா ஜெபமா என்று அவருடைய தமிழில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜெபம் முடிந்ததும் ரோசாலி சர்வே அக்காவின் அறைக்குப் போனாள். நான் அங்கேதான் அவருடைய காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், குதிகாலில் கொப்புளம்.

“அக்கா, நேத்து நான் வாய்க்கால் பக்கமே போவல. கன்னுக்குட்டிய நான் பாக்கவே இல்ல.”

சர்வே அக்கா வாயை லேசாகத் திறந்துகொண்டு அவள் உதட்டைப் பார்த்தார்.

“எங்கம்மாவப் பாக்கப் போனேன். சைகோன்ல இல்ல. இங்கதான், கடற்கரை வீதிக்குப் பின்னால ஒரு தொரை வூட்டுல சமைக்கறாங்க. அப்பா செத்து ரொம்ப வருஷம் ஆவுது. அம்மாவுக்கு ஒரு வாரமாக் காய்ச்சல். தண்ணி எறச்சி, துணி தொவச்சிப் போட்டுட்டு வரதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. சமையக்காரி பொண்ணுன்னு சொல்ல நாக்கு வரலக்கா.”

எனக்குப் பயமாக இருந்தது. அவள் மேல் கோபம் வரும் என்று இல்லை. ஊரெல்லாம் அலைந்த மனுஷி, ஒரு நாள் முழுக்க ஏமாந்தோம் என்று தெரிந்து உடைந்து போவாரே என்றுதான்.

“அப்படியா” என்றார் சர்வே அக்கா. எப்போதும் சொல்கிற அதே அப்படியா. “குளுரு எடுக்குதா? ராத்திரிக்கு ஏறி காலையில எறங்குதா, நாளெல்லாம் இருக்கா?”

“அக்கா, என் மேல கோவம் இல்லியா?”

“அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்ற. அதை வுட்டுட்டுக் கோவப்படறதா? வா, போயிடலாம்” என்று கொப்புளக் காலோடு எழுந்தார். கேட் பூட்டியாயிற்று என்று நான்தான் அவரை உட்கார வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் போனோம். மாமேரிடம் சர்வே அக்கா அனுமதி கேட்டபோது, “அவள் தாய் எங்கே இருக்கிறாள் என்பதை நான் அறிவேன். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்” என்றாராம். ஒரு ரொட்டியும் கொடுத்தனுப்பினார்.

பெரிய வீடு. அதன் கொல்லையில் கிணற்றை ஒட்டி ஒரு சின்ன அறை. கயிற்றுக் கட்டிலில், துரைசானி கொடுத்த பழைய கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ரோசாலியின் அம்மா படுத்திருந்தார். ஒட்டின கன்னம். ஆனால் ரோசாலியின் அதே மூக்கு. சர்வே அக்கா நாடியைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நிறையக் கேட்டார். இது மலேரியா மாதிரி இருக்கிறது, நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றார். அந்த அம்மாள் முதலில் வேலை போய்விடும் என்று மறுத்தார். அப்புறம் சரி என்றார். ரொட்டியைக் கஞ்சியில் நனைத்து ரோசாலி ஊட்டினாள்.

ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அந்த அம்மாள் சர்வே அக்காவைப் பார்த்து, “எம்பொண்ணு அங்க ஒழுங்கா இருக்காளாம்மா?” என்று கேட்டார்.

ரோசாலியின் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

“ரொம்ப நல்லா இருக்கா” என்றார் சர்வே அக்கா. “முந்தா நேத்து பெரிய வாய்க்கால்ல ஒரு கன்னுக்குட்டி வுழுந்துடுச்சு. ஒருத்தர் கிட்டப் போவல. உங்க பொண்ணுதான் எறங்கி இழுத்துக் கரையேத்துனா. முத்தியால்பேட்ட முழுக்க அதே பேச்சு.”

“இவளா?” அந்த அம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “மாட்டக் கண்டா எதுத்த வீதிக்குப் போறவளாச்சேம்மா. கன்னுக்குட்டி அம்மான்னு கத்துனா என் பொடவைக்குள்ள பூந்துக்குவாளே.”

“யாரும்தான் மொதல்ல நம்பல” என்றார் சர்வே அக்கா. “நான் போயி கன்னுக்குட்டிய நேர்ல பாத்துட்டு வந்தேன்.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நேற்று அவள் சொன்னதை நம்பினாரா, முந்தாநாள் சொன்னதை நம்பினாரா, இரண்டையும் சேர்த்தே நம்பிவிட்டாரா, அல்லது ஆரம்பத்திலிருந்தே எதையும் நம்பாத மனுஷியா இவர் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, காய்கறிக்காரனின் தராசு முள்ளைப் பார்க்கிற அதே முகத்தோடு அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஒட்டின கன்னத்தில் பெருமை ஏறிக்கொண்டிருந்தது. இருந்தாலும் பெற்றவர் இல்லையா, மகளை அறிந்தவர். எங்கள் மூன்று பேரையும் சந்தேகமாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

“சரி, கன்னுக்குட்டி என்னா நெறம்?”

“செவலை” என்றோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில்.